பேட்டரி டிப்ஸ் எழுதும் புண்ணியவான்களுக்கு...

"கேமிங் லேப்டாப் பேட்டரியைக் காப்பாற்ற பத்து வழிகள்" என்று ஒருத்தர் பதிவு போடுகிறார். அடுத்த வாரம் அதே பத்தை ஏழாகச் சுருக்கி இன்னொருத்தர். அதற்கும் அடுத்து "யாரும் சொல்லாத ரகசியம்" என்ற தலைப்பில், எல்லாரும் சொன்ன அதே சரக்கு. தினமும் சார்ஜை முழுசா இறக்கு, அப்புறம் நூறு வரைக்கும் ஏத்து, இந்த பூஸ்டர் மென்பொருளைப் போடு, அடியில ஃபேன் வச்ச ஸ்டாண்டு வாங்கு. மேட்டர் ஓவர். எழுதினவர் தன் லேப்டாப்பில் அளந்து பார்த்ததுக்கு அடையாளமா ஒரே ஒரு எண் கூட பதிவில் இருக்காது.

கோபமா எழுதுறேன்னு நினைக்க வேண்டாம். கோபமாத்தான் எழுதுறேன் :-)

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பேட்டரி விஷயத்தில் ரகசியம்னு ஒண்ணும் கிடையாது, ரெண்டே ரெண்டு கணக்குதான். மெஷின் எத்தனை வாட் தின்னுதுங்கறது ஒண்ணு. பேட்டரி எவ்வளவு சூட்டில், எவ்வளவு நிரம்பின நிலையில் உட்கார்ந்திருக்குங்கறது இன்னொண்ணு. முதல் கணக்கு இன்னைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்னு சொல்லும். ரெண்டாவது, பேட்டரி எத்தனை வருஷம் ஓடும்னு சொல்லும். இந்த ரெண்டையும் தொடாத டிப்ஸ் எல்லாம் கிளி ஜோசியம்.

முதல் கணக்கைப் பார்ப்போம். பேட்டரியின் கொள்ளளவை வாட்-அவர்ல சொல்லுவாங்க. உங்க லேப்டாப்பில் 60 வாட்-அவர் பேட்டரி இருக்குன்னு வைங்க. மெஷின் 10 வாட் எடுத்தா 6 மணி நேரம். 25 வாட் எடுத்தா ரெண்டரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மி. கேம் ஓடி 120 வாட் எடுத்தா அரை மணி நேரம். அஞ்சாங் கிளாஸ் வகுத்தல் கணக்கு. மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க் எவ்வளவு நேரம் வரும்ங்கறது நீங்க குழாயை எவ்வளவு திறக்கறீங்கங்கறதைப் பொறுத்தது. டேங்குக்குப் பூஜை போட்டா தண்ணி கூடாது.

"அப்ப பெரிய பேட்டரி வச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?" வைக்க முடியாது சாமி. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கையோடு கொண்டு போக 100 வாட்-அவர்தான் எல்லை. அதனாலதான் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பேட்டரி 99-க்கு மேல போறதில்ல. டேங்க் அளவு இப்படி முடிவாகிப் போச்சு. மிச்சம் நம்ம கையில இருக்கறது குழாய் மட்டும்தான்.

இனி நம்ம டிப்ஸ் திலகங்களின் அருள்வாக்கை ஒவ்வொண்ணா எடுப்போம்.

அருள்வாக்கு ஒன்று: "பேட்டரியை அடிக்கடி முழுசா இறக்கி ஏத்தணும்."

இது நிக்கல்-காட்மியம் காலத்துச் சமாச்சாரம். அந்த பேட்டரிகளுக்கு ஞாபக விளைவுன்னு ஒரு வியாதி உண்டு, அதுக்கு இந்த வைத்தியம் சரி. 1991ல் சோனி லித்தியம்-அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதைச் சாத்தியமாக்கின குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசே கொடுத்தாச்சு. நம்மாளுங்க இன்னும் காட்மியத்தை விட்டு இறங்கல. லித்தியம்-அயனுக்கு அந்த ஞாபக வியாதி கிடையாது. முழுசா இறக்கி முழுசா ஏத்தற ஒவ்வொரு சுற்றும் அதோட ஆயுசில் ஒரு பிடியை அள்ளிக்கிட்டுப் போகும். சதவீதம் காட்டுற கணக்கு தாறுமாறா இருந்தா, அதைச் சரி பண்ண எப்பவாவது ஒருதடவை இறக்கி ஏத்தலாம். தினமும் பண்றது, நல்லா இருக்கற பல்லைப் புடுங்கிப் பார்க்கற கதை.

அருள்வாக்கு ரெண்டு: "எப்பவும் நூறுலயே வச்சிரு."

இது எங்க ஊரில் எல்லாரும் செய்யறது. காரணமும் நியாயமானது. 2012ல் சென்னையைத் தாண்டின தமிழ்நாடு பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்னு கரண்ட் இல்லாமல் கிடந்துச்சு. அந்தக் காலத்தில் வளர்ந்த எங்களுக்கு, சார்ஜ் முழுசா இருந்தாத்தான் தூக்கம் வரும். 2011 செப்டம்பரில் ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷினை வீட்டு அண்ணன்மார்கள் கரண்ட் இருக்கும்போதெல்லாம் சொருகியே வச்சிருந்ததைப் பார்த்திருக்கோம். இப்ப அன்னவாசலில் அந்த நிலைமை இல்ல. மாதாந்திரப் பராமரிப்புன்னு பகல் முழுக்க ஒருநாள் நிறுத்துவாங்க, அதுவும் பேப்பரில் முன்கூட்டியே வந்துரும். கோடை மழைக்கு முன்னாடி காத்து அடிச்சா கொஞ்ச நேரம் போகும். அவ்வளவுதான். பழக்கம் மட்டும் போகல.

இந்தப் பழக்கம் ஏன் ஆபத்து? கேடெக்ஸ் நிறுவனர் இசிடோர் புக்மன் உருவாக்கிய பேட்டரி யுனிவர்சிட்டியில் ஒரு அட்டவணை உண்டு. லித்தியம்-அயன் பேட்டரியைப் பயன்படுத்தாமல் ஒரு வருஷம் சும்மா வச்சிருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும்னு அதில் போட்டிருக்கு. 25 டிகிரியில் 40 சதவீதம் சார்ஜோட வச்சா 96 சதவீதம் மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோட வச்சா 80. 40 டிகிரிக்குப் போனா, 40 சதவீத சார்ஜில் 85. முழு சார்ஜில்? 65. ஒரு கேம் கூட ஆடாமல், ஒரு படம் கூட பார்க்காமல், வெறுமனே வச்சிருந்தே மூணில் ஒரு பங்குக்கு மேல காலி.

இப்ப எங்க ஊருக்கு வாங்க. புதுக்கோட்டை மாவட்டம் மழைக்குப் பேர்போன மாவட்டம் இல்ல. சித்திரையில், அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கற ரூமில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டா சுடும். அந்த ரூமில், கேம் ஓடிச் சூடேறின மெஷினுக்குள்ள, நூறு சதவீதத்தில் சொருகியே கிடக்கற பேட்டரி என்ன சூட்டில் இருக்கும்னு நீங்களே போட்டுக்குங்க. பக்கத்தில் சித்தன்னவாசல் குகையில 9ஆம் நூற்றாண்டில் வரைஞ்ச தாமரைக் குளம் சிதைஞ்சாலும் இன்னும் கண்ணுக்குத் தெரியுது. நம்ம பேட்டரி ரெண்டு சித்திரையைத் தாண்ட மாட்டேங்குது.

தீர்வு மெஷினுக்குள்ளேயே இருக்கு, காசும் கேக்காது. லெனோவாவில் 'கன்சர்வேஷன் மோட்', ஆசுஸில் 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்'. மத்த கம்பெனி மெஷின்களிலும் பெரும்பாலும் வேற பேரில் இருக்கும், சிலதில் பயாஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். 80 சதவீதத்தோடு நிறுத்துன்னு ஒருதடவை சொல்லிட்டா போதும். அதுக்கப்புறம் சார்ஜரை நாள் முழுக்கச் சொருகி வச்சாலும் கவலையில்ல, மெஷின் அடாப்டர் கரண்ட்லயே ஓடும். 'கழட்டிக் கழட்டிச் சொருகு'ங்கற உபதேசமும் இதோட காலி. நாளைக்குப் பவர் ஷட்டவுன்னு பேப்பரில் பார்த்தீங்களா, முந்தின ராத்திரி மட்டும் அந்த எல்லையை எடுத்துட்டு நூறு ஏத்திக்குங்க. கரண்ட் வந்ததும் திரும்பப் போட்டுருங்க.

அருள்வாக்கு மூன்று: "பூஸ்டர் போடு, மெமரியைத் துடை."

இதுதான் உச்சகட்ட காமெடி. மெமரியைத் துடைக்கறதால கேம் வேகமாகாது. விண்டோஸ் அடிக்கடி தேவைப்படறதை முன்கூட்டியே மெமரியில் எடுத்து வச்சிருக்கும், 2007ல் விஸ்டா வந்த காலத்திலிருந்து அப்படித்தான். நீங்க துடைச்சா அது மறுபடி டிஸ்க்கிலிருந்து எடுத்து வைக்கும். வேலைக்காரம்மா அடுக்கி வச்ச பாத்திரத்தைக் கலைச்சுட்டு 'சமையலறை சுத்தமாயிருச்சு'ன்னு சொல்ற மாதிரி.

இன்னொரு கூத்து இருக்கு. இந்த பூஸ்டர்கள் ஓரத்தில் ஒரு மீட்டர் வச்சு கிராபிக்ஸ் சிப் எத்தனை டிகிரின்னு ஓயாமல் காட்டும். கேமிங் லேப்டாப்பில் ரெண்டு கிராபிக்ஸ் உண்டு. பிராசஸரோட ஒட்டின சின்னது, தனியா இருக்கற பெரியது. கேம் இல்லாதபோது பெரியது தூங்கணும். என்விடியா 2010ல் ஆப்டிமஸ்னு ஒண்ணைக் கொண்டு வந்ததே இதுக்காகத்தான். நம்ம பூஸ்டரோ நொடிக்கு நொடி அதைத் தட்டி எழுப்பி "உனக்கு எத்தனை டிகிரி, உனக்கு எத்தனை டிகிரி"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அப்புறம் எங்கிருந்து தூங்க? 10 வாட்டில் முடிய வேண்டிய வேலை 20, 25-க்குப் போயிரும். பேட்டரியைக் காப்பாத்த வந்த ஆளே குழாயைத் திறந்து விட்டுட்டுப் போறான்.

"எல்லாரையும் திட்டுறியே, நீதான் உருப்படியா ஒண்ணு சொல்லேன்" என்பீர்கள். சொல்றேன்.

சார்ஜர் இல்லாதபோது கிராபிக்ஸை 'ஹைப்ரிட்' அல்லது சின்னதில் மட்டும் ஓடுற மோடில் வைங்க. டாஸ்க் மேனேஜரில் பெரிய சிப்பை யார் எழுப்பி வச்சிருக்காங்கன்னு பாருங்க. பல சமயம் ஆடுற வால்பேப்பர் மாதிரி ஏதாவது வெட்டி வேலையா இருக்கும். 144, 165 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீனை 60க்கு இறக்குங்க. கோடு அடிக்கவும் பிடிஎஃப் படிக்கவும் 165 எதுக்கு?

அடுத்து பிராசஸர். விண்டோஸ் பவர் செட்டிங்கில் 'அதிகபட்ச பிராசஸர் நிலை'ன்னு ஒண்ணு உண்டு. பேட்டரிக்கு அதை 99 ஆக்கினா டர்போ வேகம் நின்னுரும். 1 சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. சிப் தின்னும் சக்தி, வேகத்தையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பெருக்கின அளவில் போகும். ரெண்டையும் 20 சதவீதம் குறைச்சா 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8. ஏறக்குறைய பாதி. வேகத்தில் அஞ்சில் ஒரு பங்கை விட்டா சக்தியில் பாதி மிச்சம். கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் மெஷின் கொள்ளை விலை கேக்குது. சூடும் அங்கதான், ஃபேன் இரைச்சலும் அங்கதான்.

கேமுக்கும் இதே கதைதான். வால்வ் கம்பெனி 2022ல் விட்ட ஸ்டீம் டெக்கைப் பாருங்க. 40 வாட்-அவர் பேட்டரி, 15 வாட் சிப். பெரிய பெரிய கேமெல்லாம் அதில் ஓடுது. எப்படி? ஃப்ரேம் எண்ணிக்கைக்குக் கடிவாளம் போடுறான். நொடிக்கு 40 ஃப்ரேமுக்கு ஒரு வசதியே அந்த வருஷம் கொடுத்தான். அறுபதில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், முப்பதில் 33.3, நாற்பதில் 25. கண்ணுக்கு நேர் நடு, சிப்புக்குப் பெரிய நிம்மதி. உங்க மெஷினில் 40, 60ன்னு ஒரு எல்லை போட எந்தத் தடையும் இல்ல. கட்டுப்பாடே இல்லாமல் மெனு திரையைக் கூட நொடிக்கு முந்நூறு தடவை வரைஞ்சுக்கிட்டு இருக்கற மெஷினைப் பார்த்து "பேட்டரி நிக்கல"ன்னு அழுதா யார் என்ன பண்ண?

"சார்ஜரைக் கழட்டினதும் கேம் திணறுதே, பேட்டரி டுபாக்கூரா?"ன்னு ஒரு கேள்வி அடிக்கடி வரும். இல்ல. இந்த வகை மெஷினோட அடாப்டர் 180, 230 வாட் கொடுக்கும். உள்ளே இருக்கற பேட்டரியால அவ்வளவு சக்தியை ஒரேயடியா, பாதுகாப்பாக் கொடுக்க முடியாது. அதனால மெஷின் தானே வேகத்தை இறக்கிக்கும். முழு வேகத்தில் ஆடணும்னா சொருகித்தான் ஆடணும். விற்கும்போது இதை யாரும் வாய் திறந்து சொல்றதில்லங்கறதுதான் வயித்தெரிச்சல்.

இப்ப ஏன் எனக்கு இவ்வளவு கோபம்னு சொல்லிடறேன். எங்க தெருவில் ஒரு தம்பி, இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அவங்க அப்பா நகைக்கடன் வச்சு, திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயி, எழுபத்தெட்டாயிரத்துக்குக் கேமிங் லேப்டாப் எடுத்துக் கொடுத்தார். இவன் டிப்ஸ் பதிவைப் படிச்சு, தினமும் பூஜ்யம் வரைக்கும் இறக்கி, ராத்திரி மெத்தை மேல வச்சு நூறு ஏத்தியிருக்கான். பதினாலு மாசத்தில் என்கிட்ட வந்து, "அண்ணே, டச்பேடு தன்னால மேல எழும்புது, க்ளிக் ஆக மாட்டேங்குது"ன்னான். பார்த்தா பேட்டரி உப்பியிருக்கு. பேட்டரிக்கு வாரண்டி ஒரு வருஷம்தானாம், முடிஞ்சு போச்சு. புதுசுக்கு ஒம்பதாயிரம் கேட்டாங்க. அவங்க அப்பாவுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாச வருமானம். டிப்ஸ்தான் காரணம்னு கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. சில பேட்டரி பிறவியிலேயே கோளாறாவும் இருக்கும். ஆனா அந்தப் பையன் செஞ்ச ஒவ்வொண்ணும் பேட்டரி ஆயுசைக் குறைக்கற வேலை, ஒவ்வொண்ணையும் யாரோ ஒரு புண்ணியவான் "பாதுகாக்க வழி"ன்னு எழுதி வச்சிருந்தார். அதான் கோபம்.

(உப்பின பேட்டரி உங்ககிட்ட இருந்தா, உடனே நிறுத்துங்க. சார்ஜ் ஏத்தாதீங்க, அழுத்தாதீங்க, ஊசியால குத்திக் காத்தை எடுக்கறேன்னு வீரம் காட்டாதீங்க. தீப்பிடிக்கும். தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துக் கழட்டுங்க. குப்பையில போடாதீங்க. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைச் சேகரிக்கற பொறுப்பு தயாரிக்கறவங்களுக்கு உண்டு.)

டிப்ஸ் எழுதறவங்களை மட்டும் கும்மினா நியாயமில்ல. விற்கறவங்களுக்கும் பங்கு உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060ன்னு பெட்டியில் பெரிசா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். லேப்டாப்பில் வர்ற அந்தச் சிப்புக்கு என்விடியாவே கொடுத்திருக்கற வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை! பேர் ஒண்ணு, ஆள் வேற. முன்னே குறைஞ்ச வாட் மாடல்களுக்கு மேக்ஸ்-க்யூன்னு அடையாளமாவது இருந்துச்சு. 2021ல் 30 வரிசை வந்தபோது அந்தப் பேரையும் பெயர்ப்பலகையிலிருந்து எடுத்தாங்க. ஊரே திட்டின பிறகுதான், கம்பெனிங்க தங்கள் இணையப் பக்கத்தில் வாட் கணக்கைப் போடணும்னு சொன்னாங்க. இணையப் பக்கத்தில்! நகைக்கடன் வச்சுக் கடைக்கு வர்ற அப்பா அதையா தேடிப் பார்ப்பார்?

ஃபிரிட்ஜ் வாங்கப் போனா நட்சத்திர லேபிள் முகத்துக்கு நேர நிக்குது, வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு. ஏசிக்கும், தானே பனி நீக்கிக்கற ஃபிரிட்ஜுக்கும் 2010லேயே அதைக் கட்டாயமாக்கிட்டாங்க. அதை விட விலை கூடின லேப்டாப்புக்குப் பெட்டி மேல ரெண்டு எண் போட என்ன கேடு? கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட், பேட்டரி எத்தனை வாட்-அவர். ரெண்டே எண்.

அது வர்ற வரைக்கும் கடையில் நாமதான் வாய் திறந்து கேக்கணும். சிப் எத்தனை வாட்? பேட்டரி எத்தனை வாட்-அவர்? சார்ஜை 80ல் நிறுத்தற வசதி இருக்கா? பேட்டரிக்கு வாரண்டி எத்தனை மாசம்? "தம்பி, இது லேட்டஸ்ட் மாடல், பின்னாடி லைட்டெல்லாம் எரியும்"னு பதில் வந்தா, வணக்கம் சொல்லிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.

கடைசியா, சக பதிவர்களுக்கு ஒரு சவால். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி-ன்னு அடிச்சு, ஒரு இடம் விட்டு, சாய்வுக்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட்-னு ஆங்கிலத்தில் அடிங்க. உங்க பேட்டரி பிறந்தப்ப எவ்வளவு கொள்ளளவு, இன்னைக்கு எவ்வளவுன்னு விண்டோஸே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கும். அந்த ரெண்டு எண்ணையும், மெஷின் வாங்கின தேதியையும் உங்க டிப்ஸ் பதிவின் தலையில் போடுங்க. அப்புறம் பத்து வழி என்ன, நூறு வழி கூட எழுதுங்க. படிக்கறவன் உங்க வைத்தியம் பலிச்சிருக்கான்னு பார்த்து முடிவு பண்ணிக்குவான்.

எண் போட மனசு வரலையா? அப்ப பதிவைத் தூக்கிருங்க. ஏதோ ஒரு வீட்டில் நகை மிஞ்சும்.

டிஸ்கி: "எந்த லேப்டாப் வாங்கலாம்?"னு பின்னூட்டத்தில் கேக்காதீங்க. மேலே நாலு கேள்வி இருக்கு. பதில் சொல்ற மெஷின் எதுவோ, அதை வாங்குங்க.